கோவாவும் பன்றிக்காலும்

இலங்கையில் போர் முடிந்த அந்த ஆண்டின் இலையுதிர்காலத்தில், நான் வேலை செய்த கன்ரீனில் ஜெர்மன் முறையில் ஒரு விருந்து வைப்பதென்று முடிவானது. டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரில் இருந்த ஒரு பெரிய பண்டகசாலையின் கன்ரீன் அது. பெட்டி அடுக்குகிறவர்கள், லொறி ஓட்டுகிறவர்கள், அலுவலகத்துக்காரர் எல்லாருக்கும் மதியச் சாப்பாடு செய்வது எங்கள் வேலை. சமையலறையில் மூன்று பெண்கள் இருந்தோம். பொறுப்பாளர் ஒரு டேனிஷ்காரி. குரல்தான் உரத்தது, மனம் நல்லது. பாத்திரம் கழுவ வாரத்தில் சில நாட்கள் வருகிறவர் ஓய்வூதிய வயதைத் தாண்டிய ஒரு ஜெர்மன் பெண். டென்மார்க்காரரைக் கல்யாணம் செய்து வந்து, அவர் இறந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். மூன்றாவது ஆள் நான்.

விருந்துக்கு என்னென்ன வைப்பது என்று யோசித்துத் திட்டம் போடும் வேலையைப் பொறுப்பாளர் என்னிடம் தந்தார். உனக்குத்தான் ருசி தெரியும் என்றார். மறுக்க ஒரு காரணம் என்னிடம் இருந்தது. அதை அங்கே ஒருவருக்கும் நான் சொல்லியிருக்கவில்லை.

மே மாதத்தில் போர் முடிந்ததாகத் தொலைக்காட்சியில் சொன்ன மறுநாள், பொறுப்பாளர் என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னார். இனி உங்கள் ஆட்கள் நிம்மதியாக இருப்பார்கள், நீ எவ்வளவு சந்தோஷமாக இருப்பாய் என்றார். நான் நன்றி சொல்லிவிட்டுக் குளிரறைக்குள் போய்ப் பால் பெட்டிகளுக்கு நடுவே நின்றேன். என் தம்பியும் அவன் மனைவியும் மகளும் உயிரோடு இருக்கிறார்களா என்பதே அப்போது எனக்குத் தெரியாது. கோடை நடுவில்தான் செய்தி வந்தது. தம்பியின் மனைவி, என் மச்சாளும் பிள்ளையும் முள்ளுக்கம்பிக்குள் ஒரு முகாமில், கூடாரத்தில் இருந்தார்கள். தம்பி அவர்களோடு சேர்ந்துதான் நடந்து வந்திருக்கிறான். இராணுவத்தின் சோதனைச் சாவடியில் ஆண்களில் சிலரைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவனையும் கூப்பிட்டார்கள். தண்ணீர்ப் போத்தலை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை.

இப்படியான நேரத்தில் விருந்துக்குச் சமையல் யோசிப்பதா என்று வீட்டில் அழுதேன். நாங்கள் போகிற கிறிஸ்தவ சபையில் குடிக்க மாட்டார்கள். பியர் தெரிவு செய்வதும் என் பொறுப்பு என்று கேட்டால் பாஸ்டர் என்ன நினைப்பாரோ என்ற பயமும் இருந்தது. என் கணவர் தொழிற்சாலையில் பின்னேர வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர், சப்பாத்தைக் கட்டியபடியே சொன்னார்:

"நீர் குடிக்கேல்லைத்தானே. வீட்டில இருந்து போனைப் பாத்துக்கொண்டிருக்கிறதை விட, அங்க போய் எதையாவது அவியும்."

அது சரிதான். வீட்டில் எனக்குச் சுவர்கள் நெருங்கி வருவதுபோல இருந்தது.

வேலையைத் தொடங்கினேன். ஜெர்மன் விருந்தென்றால் பன்றிக்கால்தான் முதலில் என்றார் பொறுப்பாளர். முதல் நாளே உப்புத் தண்ணீரில் வெங்காயமும் மிளகும் போட்டு அவித்து, அடுத்த நாள் அவணில் வைத்துத் தோல் பொரிகிற வரைக்கும் வாட்ட வேண்டும். கூடவே வெள்ளைச் சொசேஜ், இனிப்புக் கடுகு, முடிச்சுப் போட்டதுபோல் சுட்ட உப்புப் பாண், உருளைக்கிழங்கு சலாட், சீவிப் புளிக்கவைத்த முட்டைக்கோசு, நாங்கள் கோவா என்பது. கோவாவை அப்படியே போத்தலிலிருந்து எடுத்து வைத்தால் வாய் கூசும். பன்றிக் கொழுப்பில் வெங்காயத்தை வதக்கி, சீரகம்போல ஒரு விதை இருக்கிறது, அதையும் போட்டு, ஒரு அப்பிளைத் துருவிச் சேர்த்து மெல்லிய நெருப்பில் வைத்தேன். பொறுப்பாளர் ருசி பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி எடுத்தார்.

ஆனால் இருந்த ஒரேயொரு ஜெர்மன்காரர் இதில் சேரவில்லை. பாரம்பரியச் சாப்பாட்டைப் பற்றி நீதானே சொல்ல வேண்டும் என்று பொறுப்பாளர் அவரிடம் கேட்டபோது, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கழுவும் இயந்திரத்தின் கதவை இழுத்து மூடினார். இயந்திரம் இரைந்தது. விருந்துக்குப் போட்டுக்கொள்ளப் பொறுப்பாளர் பூப்போட்ட ஜெர்மன் சட்டைகள் வாங்கி வந்தபோது, அவர் தன்னுடையதைப் பொதியைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். வயது போனால் இப்படித்தான் என்று பொறுப்பாளர் என்னிடம் முணுமுணுத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விருந்துக்கு முந்திய கிழமை, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சமைத்துப் பார்த்தோம். மதியச் சாப்பாடு முடிந்து கன்ரீன் ஓய்ந்திருந்தது. பியர் விற்கிற கொம்பனியிலிருந்து மாதிரிக்கு அனுப்பிய போத்தல்களைப் பொறுப்பாளர் ஒவ்வொன்றாகத் திறந்தார். வெளிர் மஞ்சள் ஒன்று, கறுப்பு ஒன்று, கோதுமையில் செய்த கலங்கலான ஒன்று. அலுவலகத்திலிருந்து இரண்டு மூன்று பேர் ருசி பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் குடித்துச் சொல்வார்கள், நான் மணந்து பார்ப்பேன். கறுப்புப் பியரில் பாண் கருகிய வாசம் வந்தது. அது பன்றிக்காலோடு போகும் என்றேன். குடிக்காதவள் சொல்லிவிட்டாள், இனி மாற்றமில்லை என்று அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அப்போது ஏப்ரன் பைக்குள் போன் அதிர்ந்தது. இலங்கை இலக்கம். கையில் கோவாக் கிண்ணத்தோடு பின்கதவால் வெளியே போனேன்.

மச்சாள்தான். முகாமில் யாரோ ஒளித்து வைத்திருந்த போனில், ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று வரிசையில் நின்று எடுத்திருக்கிறாள். தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை என்றாள். கேட்கப் போனால் பெயரை எழுதிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்களாம். மழைக்குக் கூடாரத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டதாம். ஒவ்வொரு நாளும் சோறும் பருப்பும்தான், பிள்ளை இப்போது பருப்பைக் கண்டாலே சத்தி எடுக்கிறாளாம். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கதவைக் காலால் தள்ளி மூடினேன்.

"மச்சாள், வேலையில நிக்கிறீங்களோ?" என்று கேட்டாள். அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"ஓம். கன்ரீனிலதான்."

"இண்டைக்கு என்ன சமையல்?"

என் வாயில் பன்றிக்காலும் வரவில்லை, பியரும் வரவில்லை. "கோவாவும் கிழங்கும்" என்றேன்.

"கோவா எண்டால் இவளுக்கு நல்ல விருப்பம்" என்றாள் மச்சாள். பிள்ளையைக் கூப்பிட்டுப் போனைக் கொடுக்கப் போனாள். பிள்ளையின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அதோடு போன் நின்றுவிட்டது.

நான் திரும்ப எடுத்தேன். எடுபடவில்லை. குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த பெட்டியொன்றில் அப்படியே இருந்துவிட்டேன். கிண்ணம் மடியில் ஆறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பின்கதவு திறந்தது. பாத்திரம் கழுவுகிறவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை.

"கம்பிக்குள்ளே யார் இருக்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டார்.

முகாமைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து என்னைக் கவனித்து வந்திருக்கிறார். வேலையிடத்தில் ஒருவருக்கும் சொல்லாததையெல்லாம், என் அரைகுறை டேனிஷில், அந்தப் பெட்டியில் இருந்தபடியே அவருக்குச் சொன்னேன்.

அவர் பக்கத்தில் இன்னொரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தானும் கம்பிக்குள் இருந்தவள்தான் என்றார். எங்கே என்று கேட்டேன். இங்கேதான், டென்மார்க்கில், என்றார். அந்தப் பெரிய உலக யுத்தம் முடிகிற நேரத்தில், ஜெர்மனியின் கிழக்கே இருந்து ரஷ்யப் படைக்குத் தப்பி வந்த கப்பலில் தாயோடு வந்து இறங்கியிருக்கிறார். அப்போது அவர் சிறு பிள்ளை. ஜெர்மன்காரர் தோற்றுப்போனார்கள். வந்தவர்களை டேனிஷ்காரர் முகாம்களில் போட்டு வேலி அடைத்துக் காவல் வைத்தார்கள். வெளியே இருந்த சனம் அவர்களோடு கதைக்கக்கூடாது. வருடக்கணக்காக உள்ளே இருந்தார்கள். முகாமில் பிறந்த தம்பி அங்கேயே இறந்துபோனான். பிறகு அவர்களை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். வளர்ந்த பிறகு வேலைக்கென்று திரும்பி வந்த இடத்தில்தான் கல்யாணம் நடந்திருக்கிறது. கணவரின் தாய் சாகும்வரை இந்தக் கதையை அந்த வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

"நாங்கள் பன்றிக்கால் தின்றதில்லை" என்றார். "அது தெற்கத்தி ஆட்களின் சாப்பாடு. பூப்போட்ட சட்டையும் அவர்களுடையதுதான். எங்கள் ஊரே இப்போது இல்லை. அதற்கு வேறு பெயர், வேறு நாடு. எனக்கு என்ன விருந்து?"

அப்போது நான் இந்த நாட்டுக்கு வந்து பதினாறு வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகங்களையும் புரட்டியிருந்தேன். இப்படி ஒன்று நடந்ததை அன்றுதான் கேள்விப்பட்டேன். உங்கள் அம்மா என்ன சமைப்பார் என்று கேட்டேன்.

இறைச்சி உருண்டை என்றார். அரைத்த இறைச்சியில் உருண்டை பிடித்து அவித்து, வெள்ளைக் குழம்பில் போடுவது. ஊறவைத்த சின்னப் பச்சை மொட்டுகள் கடைகளில் போத்தலில் வரும், அவற்றைப் போட்டால் குழம்பில் ஒரு புளிப்பு வரும். அவித்த கிழங்கோடு சாப்பிட வேண்டும்.

அதை விருந்தில் வைப்போமா என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். யாருக்கும் தெரியாத சாப்பாடு, ஆட்கள் எதிர்பார்ப்பது வேறு என்று அவர் தயங்கினார். திட்டத்தை என்னிடம்தானே தந்தீர்கள் என்றேன். அந்தக் கன்ரீனில் நான் பிடிவாதம் பிடித்தது அதுதான் முதல் தடவை. அவர் என் முகத்தைப் பார்த்தார், சரி என்றார். அன்று பின்னேரம் அவரிடமும் தம்பியைப் பற்றிச் சொன்னேன். மே மாதத்தில் வாழ்த்துச் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றார்.

விருந்து வெள்ளிக்கிழமை, வேலை முடிந்த கையோடு தொடங்கியது. பெரிய கண்ணாடிக் குவளைகளில் பியர் போனது. பன்றிக்காலின் தோல் நன்றாகப் பொரிந்திருந்தது. தட்டுகளில் அது நொறுங்கும் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. இறைச்சி உருண்டையை மேசையின் கடைசியில் வைத்திருந்தோம். முதலில் யாரும் தொடவில்லை. பிறகு வயதான லொறிக்காரர் ஒருவர் அள்ளிப் போட்டுக்கொண்டு, இது எங்கள் டேனிஷ் சாப்பாடுதானே, என் அம்மா செய்வாரே என்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். பாத்திரம் கழுவுகிறவர் அதைக் கேட்டார். தன் பழைய நீலச் சட்டையோடு நின்று, கரண்டியால் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

முடிந்தபோது ஏராளம் மிஞ்சியிருந்தது. மேசைக்குப் போன சாப்பாட்டைத் திரும்ப எடுத்து வைக்கக்கூடாது என்பது சமையலறைச் சட்டம். முழுசு முழுசாகப் பன்றிக்கால்கள், தட்டம் நிறையக் கோவா, எல்லாம் தொட்டிக்குத்தான் போக வேண்டும். பன்றிக்கால்களைக் கொட்டிவிட்டேன். கோவாத் தட்டத்தைத் தொட்டிக்கு மேலே தூக்கி, கொட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். பொறுப்பாளர் வந்து அதை என்னிடமிருந்து வாங்கினார். போய் முகத்தைக் கழுவு என்றார். நான் திரும்பி வந்தபோது மேசைகளைத் துடைத்துவிட்டிருந்தார்கள். கதவடியில் என் பையின் மேல் ஈயத்தாளில் சுற்றிய ஒரு பொதி இருந்தது. அதில் கோவா மணந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும், பாத்திரம் கழுவுகிறவர் தன் காரில் என்னை மேற்குக் கடல் பக்கம் கூட்டிப்போனார். பைன் மரங்களுக்கு நடுவே, அந்த முகாமில் இறந்தவர்களின் மயானம். ஒரே அளவான கற்சிலுவைகள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் பெயர்களும் வருடங்களும் இருந்தன. பிறந்த வருடமும் இறந்த வருடமும் ஒன்றாகவே பல. நான் அவற்றை வாசிப்பதை நிறுத்திவிட்டு அவருக்குப் பின்னால் நடந்தேன். தன் தம்பியின் சிலுவையடியில் குனிந்து பாசியைச் சுரண்டி, கொண்டுவந்த ஊதாப் பூச்செடியை வைத்தார்.

பிறகு என் தம்பியின் பெயரைக் கேட்டார். சொன்னேன். ழகரம் அவருக்கு வரவில்லை. இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்.

"அவனுக்கு எத்தனை வயதாயிருந்தது?"

"முப்பத்தாறு நடக்கிறது" என்றேன்.

இறந்தவனைப் பற்றிக் கேட்பதுபோல் தான் கேட்டது அவருக்கே விளங்கிவிட்டது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மழை பிடித்ததால் இருவரும் காருக்கு ஓடினோம்.

அடுத்த ஆண்டு மச்சாளையும் பிள்ளையையும் முகாமிலிருந்து விட்டார்கள். வன்னியில் தகரக் கொட்டிலொன்றில் தொடங்கி, இப்போது கல்வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளை படித்து வேலைக்குப் போகிறாள். மச்சாள் இன்றைக்கும், காணாமல் போனவர்களின் படங்களை வைத்துக்கொண்டு, அவர்கள் எங்கே என்று கேட்டு வீதியோரப் பந்தலில் இருக்கிற பெண்களோடு போய் இருக்கிறாள். அவள் வைத்திருக்கும் படத்தில் தம்பிக்கு மீசை இல்லை. பிரியும்போது மீசை இருந்ததென்று கேட்கிறவர்களுக்கெல்லாம் அவள் சொல்கிறாள்.