பாஸ்வேர்டுக்கு ஆபீஸ் சீல் வைத்தவன்

தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில், கணக்கு வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நெட் பேங்கிங் திருடனிடம் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். ஏமாந்த கையோடு, "அனுப்பிட்டேன், கிடைச்சுதா?" என்று வங்கிக்கே போன் போட்டு விசாரித்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

1. ஐந்து நிமிடத்தில் பதில்

கோவில்பட்டியில் எங்கள் ஆபீஸுக்கு நெட் பேங்கிங் வந்தபோது ஊருக்கே அது புதுசு. முதலாளிக்கு மவுஸைத் தொடக் கூச்சம். ஆகவே யூசர் ஐடி, லாகின் பாஸ்வேர்டு, டிரான்சாக்‌ஷன் பாஸ்வேர்டு எல்லாம் என் பொறுப்பு. பாஸ்வேர்டில் எழுத்தும் எண்ணும் கலந்திருக்க வேண்டும் என்றார்கள். எங்கள் லேபிளின் பெயரையும் பெட்டிக்குள் இருக்கும் குச்சிகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் போட்டேன். இரண்டும் ஒவ்வொரு பெட்டியின் மேலும் அச்சாகி, பண்டல் பண்டலாக வடநாடு வரை லாரியில் போய்க்கொண்டிருந்தன. அதைத்தான் ரகசியம் என்று நம்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மெயில் வந்தது. மேலே வங்கியின் சின்னம். விவரங்களை இன்றே உறுதி செய்யாவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்று ஆங்கிலத்தில், சிவப்பு எழுத்தில் இருந்தது. மறுநாள் சனிக்கிழமை. பெட்டியில் குச்சி அடைக்கும் பெண்களுக்குச் சம்பள நாள். அந்தப் பணம் முழுக்க அந்தக் கணக்கில்தான் இருந்தது.

அந்தக் காலத்துத் தீப்பெட்டி ஆபீஸ்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எக்சைஸ் வரி இலாகாவிலிருந்து கடிதம் வந்தால் ஏன், எதற்கு என்று கேட்கமாட்டான். கேட்டதைக் கொடுப்பான், ஒரு காப்பி எடுப்பான், சீல் வைப்பான், ஃபைலில் போடுவான், பிறகு போன் போட்டுக் கிடைத்ததா என்று கேட்பான். பல வருஷம் இப்படியே பழகியதால், மிரட்டுகிற எழுத்தைக் கண்டாலே எனக்குப் பணிவு பொங்கிவிடும்.

மெயிலில் இருந்த லிங்கை அழுத்தினேன். வங்கியின் பக்கம் போலவே ஒன்று திறந்தது. இரண்டு பாஸ்வேர்டும் கேட்டது. கொடுத்தேன். முதலாளியின் பிறந்த தேதி, பான் நம்பர், அவருடைய அம்மா பெயர் கேட்டது. கொடுத்தேன். அம்மா பெயருக்கு இனிஷியல் போடுவதா வேண்டாமா என்பதில் மட்டும் கொஞ்சம் யோசித்தேன். அனுப்பும் முன் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தேன். பாஸ்வேர்டு இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. பின்னால் யாருக்காவது புரியாமல் போய்விடக் கூடாதே என்று அதன் அருகில் இரண்டு பாஸ்வேர்டையும் பேனாவால் எழுதி, அதன் மேல் ஆபீஸ் சீலும் வைத்தேன். எல்லாம் ஐந்தே நிமிடம்.

பிறகு வங்கியில் எங்கள் கணக்கைப் பார்க்கும் ஆபீசர் மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், கேட்ட விவரமெல்லாம் அனுப்பிட்டேன். கிடைச்சுதா?"

"என்ன விவரம் அண்ணாச்சி?"

"பாஸ்வேர்டு ரெண்டும், பான் நம்பரும்..."

மேடம் என்னை முடிக்க விடவில்லை.

"நாங்க கேக்கவே இல்லையே! பேங்க்ல யாரும் பாஸ்வேர்டு கேக்க மாட்டோம். கணக்கு முதலாளி பேர்ல இருக்கு. நிறுத்தணும்னா அவிய சொல்லணும். உடனே பேசச் சொல்லுங்க."

2. சிபியூவுக்கு ஒரு ஆட்டோ

முதலாளி அடுத்த அறையில் லேபிள் சாம்பிள் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் போகவில்லை. அவருக்குத் தெரியாமலே சரிசெய்துவிடலாம் என்று என் மூளை கணக்குப் போட்டது.

திருடன் கம்ப்யூட்டருக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறான் என்று தோன்றியதால் கண்ணில் பட்ட ஒயரையெல்லாம் பிடுங்கினேன். அதில் ஒன்று டெலிபோன் ஒயர். அதாவது மேடம் முதலாளியைக் கூப்பிட இருந்த வழியையும் அடைத்துவிட்டேன். பிறகு சிபியூவைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

"எங்கவே தூக்கிட்டுப் போறீரு?" என்றார் முதலாளி.

"சர்வீசுக்கு முதலாளி. வைரஸ்."

மடியில் சிபியூவோடு ஆட்டோவில் உட்கார்ந்தேன். ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்தான்.

"என்ன அண்ணாச்சி, கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா? பெரியாஸ்பத்திரிக்கு விடவா?"

"ஏலே, வாய மூடிக்கிட்டு பேங்குக்கு விடுலே!"

வங்கியில் மேடத்தின் மேஜை மேல் சிபியூவை வைத்தேன்.

"இது எதுக்கு?"

"பணம் இதுக்குள்ள இருந்துதான மேடம் போகுது? ஒயரப் புடுங்கிட்டேன். இனி எங்கன போவும்?"

கவுண்டரில் நின்றவர்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

"முதலாளி எங்க? ஆபீசுக்குப் போட்டா லைனே போகலையே."

"அவிய ஊர்ல இல்ல மேடம். நானே கையெழுத்துப் போடுதேன்."

"உங்க கையெழுத்து செல்லாது. அவிய செல் நம்பரச் சொல்லுங்க."

வேறு வழியில்லாமல் சொன்னேன். மேடம் பேசினார். ஊரில் இல்லாத முதலாளி முதல் மணியிலேயே எடுத்து, "உடனே நிறுத்துங்கம்மா" என்றார். மேடம் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார்.

அப்போதெல்லாம் வேறு வங்கிக்குப் போகும் பணம் நினைத்த நேரத்தில் போகாது. குறித்த நேரங்களில் பேட்ச் பேட்சாகத்தான் போகும்.

"ஒரு பேட்ச் போயிட்டுது அண்ணாச்சி. அதுல நாப்பதாயிரம் போயிருக்கு. மிச்சம் அடுத்த பேட்சுல போக நின்னுச்சு, நிறுத்திட்டேன். நீங்க போன் போட்டப்பமே அவிய பேசியிருந்தா இதும் போயிருக்காது."

புகார் எழுத அத்தாட்சி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த பிரிண்ட்டை நீட்டினேன். தாளின் அடியில் பொடி எழுத்தில் அந்தப் பக்கத்தின் முகவரி இருந்தது. வங்கிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அனுப்பும் முன் அங்கே ஒரு தடவை கண்ணை ஓட்டியிருக்கலாம். மேடம் அதைப் பென்சிலால் வட்டமிட்டார். அப்புறம் தாளின் மேல்பகுதியைப் பார்த்தார்.

"பாஸ்வேர்ட எழுதி, அதுக்குச் சீல் வேற வச்சிருக்கீங்க?"

"ஃபைலுக்கு மேடம்."

3. சனிக்கிழமை

விசாரணை முடியும்வரை, அதாவது திங்கட்கிழமைவரை, கணக்கில் கை வைக்க முடியாது என்று ஆகிவிட்டது. முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது சமாளித்திருப்பேன்.

"சம்பளம் இல்லன்னு நீரே போயிச் சொல்லும்" என்றார். அவ்வளவுதான்.

பெண்கள் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் செல்லத்தாய். பெட்டி அடைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வாயிலும் அப்படித்தான். ராத்திரி முழுக்கத் தயார் செய்த பேச்சைத் தொடங்கினேன்.

"பேங்க்ல சர்வர் கோளாறு. அதனால சம்பளம் திங்கக்கெழமை..."

"சர்வரா? கம்ப்யூட்டர மடியில போட்டுத் தாலாட்டிக்கிட்டே போனியளாம்லா? ஆட்டோக்காரன் நேத்தே சொல்லிட்டான்."

வரிசை முழுக்கச் சிரிப்பு. அதற்கு மேல் பொய்யை இழுக்க எனக்குத் தெம்பில்லை. மெயில் வந்ததிலிருந்து பணம் போனதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"நாளைக்கு எம் மருமவன் மொத மொதல்ல வீட்டுக்கு வாராரு. வெறுஞ்சோத்தையா போட?" என்றாள் செல்லத்தாய். அதோடும் அவள் விடவில்லை.

"மூஞ்சி தெரியாத களவாணிப்பயலுக்கு அஞ்சு நிமிசத்துல அம்புட்டையும் சொல்லிட்டிய. அன்னாடம் மூஞ்சியில முழிக்கிற எங்களுக்கு உண்மையச் சொல்ல மட்டும் ஒரு நாளாக்கும் அண்ணாச்சி?"

திங்கட்கிழமை சம்பளம் போட்டோம். போன நாற்பதாயிரம் திரும்பவில்லை.

தம்பி தங்கைகளே, யார் கேட்டாலும் பாஸ்வேர்டைச் சொல்லாதீர்கள், மெயிலில் வந்த லிங்கை அழுத்தாதீர்கள், வங்கியின் முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள், அவசரப்படுத்துகிறவனைச் சந்தேகப்படுங்கள். இவையெல்லாம் வங்கிச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸிலேயே இருக்கின்றன. அதில் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே வங்கியிடம் சொல்லுங்கள். பணம் யாருடையதோ அவரிடமும் சொல்லுங்கள். திருடனுக்குத் தேவை உங்கள் பாஸ்வேர்டு மட்டுமல்ல, நீங்கள் வெட்கப்பட்டு விழிக்கும் கொஞ்ச நேரமும்தான். நான் அவனுக்கு முழுசாக முக்கால் மணி நேரம் கொடுத்தேன். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். பணம் நாற்பதாயிரத்தோடு நின்றது. மானம் மிச்சமே இல்லாமல் போயிற்று.