மாமா வைத்த மான் விருந்து

எங்கள் மாமா ஜெர்மன் மொழியைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, காற்றில் பிடித்தார். பேருந்திலும் கடையிலும் காதில் விழுந்த சொற்களைப் பொறுக்கி வந்து, சாப்பிடும்போது எங்களுக்கு விளக்கம் சொல்வார். பாதி சரியாக இருக்கும். மற்றப் பாதியையும் அதே உறுதியோடுதான் சொல்வார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ரகம்.

அவர் அம்மாவின் தம்பி. இலங்கையிலிருந்து வந்து எங்களோடு அது இரண்டாவது குளிர்காலம். வேலை செய்ய அவருக்கு அனுமதி இல்லை. அப்பா ஹோட்டல் குசினிச் சமையலுக்கும் அம்மா முதியோர் இல்ல வேலைக்கும் போன பிறகு, சமைப்பதும், என்னைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதும், மிச்ச நேரத்தில் உலக விஷயங்களை எனக்கு எடுத்துச் சொல்வதும் அவருடைய பொறுப்பு. எனக்கு அப்போது எட்டு வயது. மாமா சொன்னால் சூரியன் மேற்கே உதிக்கிறது என்பதையும் நம்பியிருப்பேன்.

டார்ம்ஸ்டாட்டுக்குத் தெற்கே, காடு தொடங்குகிற இடத்தில் எங்கள் கிராமம். மேல்மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர். மனைவி இறந்து தனியாக இருந்த பெரிய மனிதர். கோடையிலும் பச்சைத் தொப்பிதான். ஊருக்குப் பின்னால் இருந்த காட்டில் வேட்டையாடும் உரிமையை அவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். குத்தகை என்றால் வயலும் தோட்டமும் என்று நினைத்திருந்த அப்பாவுக்கு, மானையும் பன்றியையும் குத்தகைக்கு எடுக்கிற நாடும் உண்டா என்பது தீராத வியப்பு. மார்கழி மாதத்தில் வீட்டுக்காரர் வாகனக் கொட்டகையில் ஒரு மானைத் தலைகீழாகத் தொங்கவிடுவார். திருவெம்பாவை நாளும் அதுவுமாக இப்படியா என்று அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு படியேறுவாள்.

அம்மா மான் இறைச்சி தொடமாட்டாள். வள்ளி மான் வயிற்றில் பிறந்தவள். அப்படியானால் மான் முருகனுக்கு மாமியார். முருகனின் மாமியாரைக் கறி வைப்பதா என்பது அவளுடைய வாதம்.

எங்கள் குசினி ஜன்னலிலிருந்து பார்த்தால் தோட்டமும் அதற்கப்பால் காட்டின் ஓரமும் தெரியும். காலையில் நான் பால் குடிக்கிற நேரத்துக்கு அங்கே ஒரு பெண் மான் வரும். இடது காது கிழிந்திருக்கும். விலா எலும்பு தெரியும். வீட்டுக்காரரின் ரோசாத் தளிரையும் அம்மாவின் லீக்ஸ் செடிகளையும் பாரபட்சமில்லாமல் தின்னும். நான் அதற்கு வள்ளி என்று பெயர் வைத்தேன். அம்மா திருத்தினாள். வள்ளி மானில்லை, மானின் மகள். வேண்டுமானால் வள்ளியின் அம்மா என்று சொல் என்றாள். ஆகவே அது வள்ளியம்மா ஆயிற்று. வள்ளியம்மாவைக் காணாமல் நான் பள்ளிக்குப் போன நாள் எல்லாம் எனக்குக் கணக்கில் பிழை வந்தது என்று உறுதியாக நம்பினேன்.

மாமாவுக்கோ மான் இறைச்சி மேல் தீராத ஆசை. வன்னியில் மான் வத்தல் தின்று வளர்ந்த உடம்பு இது என்று நெஞ்சைத் தட்டிச் சொல்வார்.

“நீ மானைக் கண்டது கோயில் சுவரிலதானே தம்பி” என்பாள் அம்மா.

மாசி மாதம் தொடங்கிய வாரத்தில் ஒரு நாள், படியடியில் வீட்டுக்காரரைக் கண்ட மாமா, தனக்குத் தெரிந்த ஜெர்மனை எல்லாம் திரட்டி, இனி மான் எப்போது என்று கேட்டார். வீட்டுக்காரர் கையை விரித்து ஒரே ஒரு சொல் சொன்னார்: ஷோன்ட்ஸைட்.

‘ஷோன்’ என்றால் ஜெர்மனில் ‘ஏற்கனவே’. ‘ட்ஸைட்’ என்றால் நேரம். இரண்டும் மாமாவுக்குத் தெரிந்த சொற்கள். தெரிந்த சொல்லைப் போல ஆபத்தானது வேறில்லை. அவர் படிகளை இரண்டிரண்டாகத் தாவி வந்தார்.

“அக்கா, நேரம் வந்திட்டுதாம்! மனிசன் தன்ர வாயாலயே சொல்லிப்போட்டார்.”

சொன்ன கையோடு தொலைபேசியை எடுத்தார். டார்ம்ஸ்டாட்டிலும் ஃபிராங்ஃபுர்ட்டிலும் இருந்த எங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் அழைப்பு: ஞாயிற்றுக்கிழமை மதியம் மான் விருந்து. அவர்கள் சும்மா ஆட்கள் இல்லை. வந்த புதிதில் மாமாவுக்குப் படுக்க இடம் கொடுத்தவர்கள், குளிர் அங்கி கொடுத்தவர்கள், அலுவலகங்களுக்குக் கூடவே வந்து மொழிபெயர்த்தவர்கள். அவர்கள் எல்லார் வீட்டிலும் அவர் சாப்பிட்டிருக்கிறார். ஒரு நாளாவது அகப்பை பிடிக்கிற கை தன்னுடையதாக இருக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் தொலைபேசியில் பேசிய குரலே வேறாக இருந்தது. அதனால்தான் அம்மா முருகனின் மாமியாரைப் பற்றி அன்று ஒன்றும் பேசவில்லை.

வீட்டுக்காரர் சுடப்போவது எந்த மானை? எனக்குத் தெரிந்து அந்தக் காட்டில் ஒரு மான்தான். இரண்டு நாள் பால் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும், மாமா சமையலறையில் இருக்கிற நேரம் பார்த்து, கீழே போய் வீட்டுக்காரரின் கதவைத் தட்டினேன். காது கிழிந்தவளைத் தயவுசெய்து சுடாதீர்கள் என்றேன். அழுகையும் வந்துவிட்டது. நேரம் ஆகிவிட்டது என்று நீங்கள் சொன்னதாக மாமா சொன்னார் என்றேன்.

அவர் என்னை மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னேன். அந்தப் பெரிய மனிதர் காலில் சப்பாத்து மாட்டுகிற வாங்குப் பலகையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு மாமாவையும் கீழே கூப்பிட்டார். அது இரண்டு சொல் இல்லை, ஒரே சொல் என்றார். அந்த ‘ஷோன்’ வேறு. விட்டுவைப்பது, தொந்தரவு செய்யாமல் காப்பது என்று பொருள். பெண் மான்களுக்கு வயிற்றில் குட்டி இருக்கிற காலம் இது. அவற்றைச் சுட யாருக்கும் அனுமதி இல்லாத காலத்துக்குத்தான் அந்தப் பெயர். நேரம் வந்துவிட்டது என்று மாமா கொண்டாடியது, நேரம் முடிந்துவிட்டது என்ற செய்தியை.

மாமா குளிர்பெட்டியில் ஏதாவது இருக்குமா என்று கேட்கச் சொன்னார், கேட்டேன். கிறிஸ்துமஸுக்கே தீர்ந்துவிட்டது. அவருடைய முகத்தைப் பார்த்து வீட்டுக்காரருக்கே மனம் இளகியிருக்க வேண்டும். வாருங்கள், ஒன்று காட்டுகிறேன் என்று எங்களைக் காட்டுக்குள் கூட்டிப்போனார்.

கொஞ்ச தூரத்தில் கம்பி வேலி போட்ட ஒரு சதுரம் இருந்தது. வேலிக்குள் ஓக் கன்றுகள் என் தோளுக்கு நின்றன. வேலிக்கு வெளியே அதே மண், அதே வெயில். ஆனால் கன்றுகள் எல்லாம் கணுக்காலுக்கு மேலே எழும்பவில்லை. நுனி கடிபட்டு, மறுபடி துளிர்த்து, மறுபடி கடிபட்டு, முடிச்சு முடிச்சாகக் கிடந்தன. மான் கூடினால் காடு வளராது என்றார் வீட்டுக்காரர். முன்பு ஓநாய் பார்த்த வேலையை இங்கே இப்போது துப்பாக்கி பார்க்கிறது. எத்தனை மான் சுடவேண்டும் என்று திட்டம் உண்டு. குறைத்துச் சுட்டால் காட்டுச் சொந்தக்காரர்கள் வழக்குப் போடுவார்கள், கூட்டிச் சுட்டால் சட்டம் பாயும். கிழடும் மெலிந்ததும் முதலில். இந்த ஓக் மரங்கள் பெரிதாகும்போது நான் இருக்கமாட்டேன், இவளுடைய பேரப்பிள்ளைகள் இருப்பார்கள் என்று என் தலையில் கை வைத்தார். நான்தான் இதையெல்லாம் மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். சொன்னேனே தவிர, எனக்கு அதில் ஒன்றும் ஏறவில்லை. மரங்களை எதற்குக் கூண்டில் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் யோசித்தேன்.

“காது கிழிந்தவளை?” என்று கேட்டேன்.

செப்டம்பரில் புரட்டாதி பிறக்கும் வரை அவளை ஒருவரும் தொடமுடியாது, நானும் தொடமுடியாது, அது சட்டம் என்றார். ஒருவரும் தொடமுடியாது என்பதைப் பிடித்துக்கொண்டு நான் வீடுவரை ஓடினேன். ‘வரை’ என்ற சொல்லைக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

மாமாவின் நிலைதான் பரிதாபம். ஊரைக் கூட்டியாயிற்று. மான் இல்லை என்று ஃபிராங்ஃபுர்ட்டுக்குத் தொலைபேசி எடுக்க அவருக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை அவரும் அப்பாவும் துருக்கிக் கடைக்குப் போய் ஆட்டுத் தொடையோடு திரும்பினார்கள்.

“அக்கா, நாளைக்கு மட்டும் கொஞ்சம் பேசாமல் இருங்கோ.”

அம்மா நிலைவாசலில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். மாமா அந்த ஆட்டுக்குப் பட்ட பாடு கொஞ்சமில்லை. மிளகும் மல்லியும் வறுத்து இடித்து, கறுவாப் பட்டையும் ரம்பை இலையும் போட்டு, ஆடு தன்னையே மறக்கிற அளவுக்குக் கறுப்பாகச் சுண்ட வைத்தார்.

ஞாயிறு வீடு நிறைந்தது. முதல் வாய் வைத்த ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஆட்டுக்கு இந்த ருசி வருமோ? ஏலாது. மான் மான்தான்.”

ஓம் ஓம் என்றார்கள் எல்லாரும். ஒருவர் காட்டு மணம் தெரிகிறது என்றார். இன்னொருவர் இது இளம் மான், பல்லில் படவே கரைகிறது என்று வயதே சொன்னார். எல்லாரிலும் பாவம் அம்மாதான். அது ஆடு என்று தெரிந்த அவளால், மான் தின்னமாட்டாள் என்று ஊருக்கே தெரிந்திருந்ததால், ஒரு துண்டுகூட எடுக்க முடியவில்லை. பருப்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டு தம்பியை முறைத்துப் பார்த்தாள்.

வீட்டுக்காரரையும் மாமா அழைத்திருந்தார். அவர் உறைப்பில் வியர்த்து, தண்ணீர் குடித்து, மறுபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போது அந்தப் பெரியவர் எழுந்து போய் அவர் கையைப் பிடித்து, நேற்றுச் சுட்ட மானாமே, மிக அருமை, நன்றி என்று நல்ல ஜெர்மனில் சத்தமாகச் சொன்னார். வீட்டுக்காரர் தக்காளிப் பழமாகச் சிவந்தார். தடை உள்ள காலத்தில் பெண் மானைச் சுட்டவர் என்ற பேச்சு ஊருக்குள் போனால், துப்பாக்கியும் போகும் குத்தகையும் போகும். அவர் மாமாவைப் பார்த்தார். மாமா அகப்பையும் கையுமாக, பிடிபட்ட பள்ளிப் பிள்ளை போல நின்றார். வீட்டுக்காரர் வாயைத் துடைத்தார். “சமைத்தவரைப் பாராட்டுங்கள்” என்றார். பொய்யும் சொல்லவில்லை, மாமாவையும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு இன்றும் பெரிய பிரியம்.

அன்று மாமா பரிமாறியதைப் போல அதற்குப் பிறகு நான் யாரும் பரிமாறிப் பார்க்கவில்லை. இப்போது அவர் ஸ்டுட்கார்ட்டில் பேருந்து ஓட்டுகிறார். ஜெர்மன் நன்றாகவே வரும். ஆனால் எங்கள் வீட்டில் இன்றும் சோறு தயார் என்றால் “ஷோன்ட்ஸைட்!” என்றுதான் கூப்பிடுவோம். விருந்தாளியாக வருகிற ஜெர்மன்காரர்கள் திகைத்துப் போவார்கள்.

அந்த ஞாயிறு எல்லாரும் போன பிறகு, பொழுது சாய்கிற நேரம், மாமா கொட்டகைக் குழாயடியில் பெரிய சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் துடைக்கிற துணியோடு பக்கத்தில். வீட்டுக்காரர் இரண்டு பியர்ப் போத்தல்களோடு வந்து உட்கார்ந்தார். ஒன்றை மாமாவிடம் நீட்டினார். பிறகு மாமா தேய்ப்பதை நிறுத்திவிட்டு, என்னை மொழிபெயர்க்கக் கேட்காமல், தானே ஜெர்மனில் கேட்டார். அந்தக் காது கிழிந்த மான். புரட்டாதிக்குப் பிறகு. அதற்கு ஃபெர்லெங்கெருங் கிடைக்காதா?

ஃபெர்லெங்கெருங் என்றால் நீட்டிப்பு. முடிகிற தவணையை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடுவது. அவ்வளவு நீளமான சொல்லை அவர் ஓரெழுத்தும் பிசகாமல் சொன்னார். வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். மானுக்கு யார் நீட்டிப்புக் கொடுப்பார்கள் என்றார். மாமாவும் சிரித்தார். இருவரும் சிரித்ததால் நானும் சிரித்தேன். புரட்டாதியில் வள்ளியம்மா வராமல்போனபோது, வேறு காட்டுக்குப் போயிருப்பாள் என்று மாமா சொன்னார், அதையும் நம்பினேன்.

‘ஷோன்ட்ஸைட்’ என்பதையே பிழையாகப் பிடித்த மனிதருக்கு அந்த நீளச் சொல் மட்டும் எப்படி அவ்வளவு சுத்தமாக வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. சில மாதங்களுக்கு ஒரு முறை, நாட்டைவிட்டு அனுப்பாமல் தற்காலிகமாக விட்டுவைத்திருக்கிறோம் என்று எழுதிய தன்னுடைய தாளை எடுத்துக்கொண்டு, மாமா டார்ம்ஸ்டாட்டில் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரிடம் அவர் கேட்டது எப்போதும் அந்த ஒரு சொல்லைத்தான். அன்று அதை மானுக்காகவும் கேட்டுப் பார்த்தார்.