எல்லாத்துக்கும் மாப்பு

கலீலுர் றஹ்மான் தன் வீட்டுக்குள் செருமாமல் நுழைந்ததில்லை. செருப்பைக் கழற்றுவார், தொண்டையைச் செருமுவார், உள்ளேயிருந்து மனைவி ஸுல்பிகா "வாங்க" என்ற பிறகுதான் படியேறுவார். மகள் நஸ்ரியா சின்னதில், "வாப்பா என்ன, பொண்ணு பார்க்கவா வந்த?" என்று பகிடி பண்ணுவாள். அவர் சிரிப்பார். ஸுல்பிகா மட்டும் சிரிக்கமாட்டாள்.

கிண்ணியாவில் கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பெண் வீட்டோடு வந்துவிடுவான். வீடு பெண்ணுக்குச் சீதனம். முடித்து இரண்டாம் வருஷம், புருஷன் விட்டுப்போன தன் கூடப்பிறந்த ராத்தாவை, மூத்தவளை, குறிஞ்சாக்கேணியிலிருந்து அவர் கூட்டிவந்தார். முன்னறையில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார். அவருக்குத் துறைமுகத்தில் வேலை நின்றிருந்த நேரம். ஸுல்பிகாவோ வயிற்றில் பிள்ளையோடு, வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்தாள்.

"இது எண்ட வாப்பா தந்த வீடு" என்றாள்.

ராத்தா பையோடு வாசலில் நின்று அதைக் கேட்டாள். ராத்தாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவர், அன்றைக்குத்தான் முதன்முதலாகச் செருமிவிட்டு வெளியே நின்றார்.

முதல் வருஷங்களில் அந்தச் சத்தம் கேட்டால் அவளுக்கு நெஞ்சு சுருங்கும். சண்டை பிடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும். அவர் சண்டை பிடிக்கவில்லை. மறுபடி வேலை கிடைத்தது, கப்பலைக் கட்டும் கயிற்றோடு மல்லுக்கட்டிக் கை காய்த்தது, பிள்ளை வளர்ந்தாள். எப்போது என்று தெரியவில்லை, அந்தச் செருமல் வலிக்காமல் போயிற்று. ஒரு நாள் அவர் வரச் சுணங்கியபோது, அதைக் கேட்காமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு அவருக்குச் சீனி வருத்தம் வந்து கால் விரலொன்றை எடுத்தார்கள். புதுப்பெண்ணாய் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே கூசியவள், இப்போது அந்தக் காலை மடியில் வைத்து மருந்து கட்டுகிறாள்.

இந்த வருஷம் தன் மூத்த சகோதரன் காக்காவோடு மக்காவுக்கு உம்றா போக அவளுக்குக் கிடைத்தது. அந்தக் காலோடு அவருக்குப் போக ஏலாது. போகிறவர்கள், தெரிந்தவர் எல்லாரிடமும் செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். வேலிச் சண்டையில் முகம் முறித்த பக்கத்து வீட்டுக்காரியிடமும் கேட்டாள். ராத்தாவிடம் கேட்க வழியில்லை, அவள் மவுத்தாகிவிட்டாள். மிச்சம் இவர்தான்.

போகிற காலையில் கதிரையில் இருந்தவரின் காலுக்கு மருந்து கட்டிக்கொண்டே கேட்டாள். "இஞ்சங்க, மாப்புத் தாங்க."

"எதுக்கு?"

"ஏதும் பிழையாப் பேசியிருந்தா."

"ஏதும் எண்டா? ஆணத்துக்கு உப்புக் கூடினதைச் சொன்னா நாக்குச் செத்த மனுசன் எண்டியே, அதுக்கா? பேர் சொல்லிக் கேளு புள்ள, பார்த்துத் தாறன்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளுக்கு ராத்தா முன்னால் சொன்ன அந்த வீட்டுப் பேச்சு தொண்டை வரை வந்தது. அவர் மறந்திருந்தால், இப்போது சொல்வது இரண்டாந்தரம் சொன்னதாகிவிடும். மறக்காமலிருந்தால், இத்தனை வருஷமும் அதை வைத்துக்கொண்டா தன்னோடு இருந்தார்? எதைத் தெரிந்துகொள்ளவும் அவளுக்குத் தைரியமில்லை.

"எல்லாத்துக்கும்தான்" என்றாள்.

"எல்லாத்துக்கும் தந்திட்டன். எனக்கும் தா."

"தந்தன்."

வெளியே வேன் ஹோன் அடித்தது. மருந்துப் பெட்டியை நஸ்ரியாவிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். பாலத்தில் போகும்போது முன் சீட்டிலிருந்து காக்கா திரும்பினார்.

"மச்சானிட்ட மாப்புக் கேட்டியா?"

"ஓம்" என்றாள்.

அந்த ஒரு பேச்சுக்கு அவள் இன்னும் கேட்கவில்லை.