பாய்லர் நுரைத்த வெள்ளிக்கிழமை

எனக்கு எழுத வராது. நாலாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் ஊருக்குப் போட்ட கார்டுகளும் மளிகைச் சீட்டும்தான். நாலு பேர் கூடின இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவள், ஊரார் படிக்க எழுத உட்கார்ந்திருக்கிறேன். மறதி வேறு. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு எட்டு வயது, கூடினால் ஒன்பது. பம்பாய் குர்லாவில் ஒரு சேட்டின் சாயப்பட்டறையில் அப்பா பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மில் ஒன்றும் இல்லை. நீள நீள மேஜைகளில் சேலைகளைப் பரப்பிப் பூ அச்சடிப்பார்கள். பிறகு அந்தச் சேலைகளை ஒரு மர அறைக்குள் தொங்கவிட்டுக் கதவை அடைத்து உள்ளே நீராவி விடுவார்கள். ஆவி பட்டால்தான் சாயம் துணியில் பிடிக்கும். அந்த ஆவி அப்பாவின் பாய்லரிலிருந்து குழாய் வழியாக வரும்.

ஆவி காய்ந்த ஆவியாக இருக்க வேண்டும் என்பார்கள். ஆவி எப்படிக் காய்ந்திருக்கும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பாய்லருக்குள் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது, கிளம்புகிற ஆவி சும்மா போகாதாம். பொடிப்பொடியாகத் தண்ணீர்த் துளிகளையும் கூட்டிக்கொண்டு போகுமாம். அந்தத் துளி சேலையில் விழுந்தால் தீர்ந்தது, சிவப்பு வெள்ளைக்குள் ஓடிவிடும். அதற்காகக் குழாயின் நடுவில் இரும்பில் ஒரு பானை வைத்திருந்தார்கள். ஆவி அதற்குள் நுழைந்து ஒரு தகட்டில் மோதித் திரும்பும். திரும்புகிற வேகத்தில் தண்ணீர் கீழே விழுந்துவிடும், ஆவி மட்டும் மேலே தப்பித்துப் போகும். விழுந்த தண்ணீரை அடியில் இருக்கிற குழாயைத் திறந்து அப்பா அவ்வப்போது வெளியே விடுவார். சேர்ந்து வருகிற இரண்டு பேரைப் பிரித்து வைக்கிறதால் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார். அம்மா முன்னால் அதைச் சொல்லமாட்டார்.

பட்டறையின் பின்சுவரை ஒட்டி எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார் சேட். வாடகை கிடையாது. பம்பாயில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை. பெண்டு பிள்ளைகள் யாரும் பாய்லர் பக்கம் வரக் கூடாது. எங்களுக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவரின் பையன் பாய்லர் அருகில் விளையாடிக் கையைச் சுட்டுக்கொண்டானாம். மறுநாளே சாமான்களை வெளியே வைத்துவிட்டார்கள். அவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா எங்கள் வாசலுக்கும் பாய்லர் கொட்டகைக்கும் நடுவே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, இதைத் தாண்டினால் காலை ஒடித்துவிடுவேன் என்று சொல்லிவைத்திருந்தாள். தம்பி கைக்குழந்தை. ஆகவே அந்தக் கோடு முழுக்க எனக்காகப் போட்டது.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை. எனக்குப் பள்ளிக்கூடம் மத்தியானத்துக்கு மேல்தான். காலையில் அம்மா என்னைப் பிடித்து உட்காரவைத்து, தலையில் கைகையாக நல்லெண்ணெயை வைத்துத் தேய்த்தாள். எனக்கு அப்போது முடி இடுப்புக்குக் கீழே. ஒரு கிண்ணம் நிறைய சீயக்காய் கரைத்து வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனால் குழாய் நின்றுபோயிருந்தது. மற்ற நாளாக இருந்தால் மாமியார்த் தண்ணீரில் ஒரு வாளி அப்பா கொண்டுவந்து வைப்பார். தீபாவளிச் சேலைகள் மலையாகக் கிடந்ததால் அவருக்கு அன்று மூச்சு விட நேரமில்லை. அம்மா தம்பியை இடுப்பிலும் குடத்தைக் கையிலும் எடுத்துக்கொண்டு, அசையாமல் இரு என்று என்னிடம் சொல்லிவிட்டு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துக் குழாய்க்குப் போனாள். அங்கே எப்போதும் பெரிய வரிசை.

எண்ணெய் கண்ணில் இறங்கிவிட்டது. எவ்வளவு நேரம்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருப்பது?

பாய்லர் கொட்டகையின் வெளிச்சுவரோரம் ஒரு தகரத் தொட்டி இருந்தது. பாய்லர் குடிக்கிற தண்ணீர் அதில்தான் நிற்கும். ஆவி குளிர்ந்து தண்ணீராகி அதற்கே திரும்பி வருவதால் எந்நேரமும் கதகதவென்று இருக்கும். யாரும் இல்லை. கோட்டைத் தாண்டினேன். மூடியைத் தள்ளினேன். ஒரு செங்கல் மேல் ஏறி நின்று சொம்பால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டேன். அந்தச் சுகத்தை இப்போதும் சொல்ல முடியவில்லை.

என் புத்திசாலித்தனத்தையும் சொல்ல வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீரையும் வீணாக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் சாமி கும்பிடுவதற்கு முன்னால் சொல்லிக்கொடுக்கும் பாடம். வெந்நீர் இப்படித் தரையில் ஓடுகிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. தலையைத் தொட்டிக்கு மேலேயே நீட்டிக்கொண்டேன். ஊற்றிய தண்ணீர் எல்லாம் ஒழுங்காகத் தொட்டிக்கே திரும்பிப் போயிற்று. எண்ணெயும் போயிற்று. கிண்ணத்துச் சீயக்காய் முழுவதும் போயிற்று. பிறகு எண்ணெய் பட்ட பாவாடையையும் சோப்புப் போட்டு அதிலேயே அலசிவிட்டேன். மூடியை மூடிவிட்டு வந்தபோது, சிக்கனமாகக் குளித்த திருப்திதான் எனக்கு.

அரைமணி நேரம் போயிருக்கும். சுவருக்கு மேலே போகிற ஆவிக்குழாய் டக் டக் என்று சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம் போட்டது. அப்படி அது அடித்து நான் கேட்டதில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தேன். கொட்டகைக் கதவு திறந்திருந்தது. பாய்லரின் நெற்றியில் ஒரு கண்ணாடிக்குழாய் உண்டு. உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். எப்போதும் பாதியில் அசையாமல் நிற்கிற தண்ணீர் அன்று நுரையாக மேலே ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மாமியார் இருமிக்கொண்டிருந்தது. அப்பா அதன் அடிக்குழாயைத் திறந்துவிட, தண்ணீர் நிற்காமல் கொட்டியது. எவ்வளவு பிரித்தாலும் அதற்கு மேல் வந்துகொண்டே இருந்தது.

உள்ளேயிருந்து அச்சு மாஸ்டர் ஓடிவந்தார். ரத்னகிரிக்காரர், நல்ல மனிதர், ஆனால் கோபம் வந்தால் கண் தெரியாது. கையில் ஒரு சேலை. ரோஜாப்பூவெல்லாம் கரைந்து ஒழுகிப்போயிருந்தது. இப்படி எட்டுச் சேலை போயிற்று என்றும், பாய்லரில் தண்ணீரை அளவுக்கு மேல் ஏற்றிவிட்டு அண்ணா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்) தூங்கிவிட்டார் என்றும் அவர் போட்ட சத்தத்தில் பட்டறையே கூடிவிட்டது. சேட்டுக்கு ஆள் போயிற்று.

அப்பா முதலில் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். கண்ணாடி நுரையாக இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. தண்ணீர் இல்லாமல் நெருப்பு எரிந்தால் பாய்லரே வெடித்துவிடும். ஆவி போகிற வழியை மெல்ல மெல்ல அடைத்தார். அடுப்பில் சாம்பலை அள்ளிப் போட்டு நெருப்பை அமுக்கினார். பிறகு கண்ணாடிக்குழாயின் அடியிலிருந்து ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து ஆற்றினார், விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தார்.

முகர்ந்துவிட்டுத் திரும்பினார். கோட்டருகே நான், ஈரத்தலையோடு.

என்னை நோக்கி வந்தார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். என் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த சீயக்காய்த் திப்பியை எடுத்துக் கீழே போட்டார்.

"ஏட்டி, உள்ள போ. தலையில துண்டக் கட்டு. அம்மா வாரது வரைக்கும் வெளிய வரக் கூடாது."

ஈரத்தலையோடு நின்றால் சளி பிடிக்கும் என்று சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா வந்தாள். வாசலிலேயே பட்டறை ஆட்கள் பேசினதைக் கேட்டிருக்கிறாள். குடத்தை இறக்கினவள் என் தலைத்துண்டைப் பார்த்தாள். காலியான சீயக்காய்க் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"ஏட்டி, தண்ணி ஏது ஒனக்கு?"

நான் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவள் தம்பியைத் தரையில் படுக்கவைத்துவிட்டு, ஒரு சாக்கை உதறி விரித்து, அடுக்குப் பானைகளை ஒவ்வொன்றாக எடுத்து அதில் வைக்க ஆரம்பித்தாள். அழவில்லை, திட்டவில்லை. சோற்றுப்பானை, குழம்புச்சட்டி, தம்பியின் பால் சங்கு. அறையைக் காலி பண்ணப் போகிறோம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஊரில் இருக்கிற எல்லா சாமியையும் கூப்பிட்டேன். இனிமேல் சாகிற வரைக்கும் தலைகுளிக்கமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன்.

சேட் வந்துவிட்டார். எங்கள் வாசலுக்கு நேரே நின்றுதான் விசாரணை. தூங்கினாயா என்று கேட்டார். பாய்லர் சர்ட்டிபிகேட்டைப் பிடுங்கச் சொல்லி எழுதிப்போடுவேன் என்றார். தூங்கவில்லை, தொட்டித் தண்ணீரில் எண்ணெயும் நுரையும் கலந்துவிட்டது, அதனால்தான் பொங்கியது என்று அப்பா டம்ளரை நீட்டினார். எண்ணெய் எப்படி வந்தது, யார் கை வைத்தது, பிள்ளைகள் யாராவது வந்தார்களா என்று சேட்டின் குரல் ஏறியது. அம்மாவின் கை சாக்குக்குள்ளேயே நின்றது.

"மை நஹாயா, சேட்," என்றார் அப்பா.

நான்தான் குளித்தேன் என்கிறார். எங்கள் ஊரில் தீபாவளி வந்தால் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும், குழாயில் தண்ணீர் இல்லை, புத்தி கெட்டுப்போய்த் தொட்டியில் குளித்துவிட்டேன் என்று தன்னுடைய ஓட்டை இந்தியில் சொல்லிக்கொண்டே போனார். முதலில் சிரித்தது மாஸ்டர்தான். பிறகு மேஜை ஆட்கள் எல்லோரும். சேட் தலையில் அடித்துக்கொண்டார். மதராசிகளோடு என்ன செய்வது என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் ஆவி காய்ந்து வர வேண்டும், தொட்டி மூடிக்கு இன்றைக்கே பூட்டுப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மா சோற்றுப்பானையைச் சாக்கிலிருந்து எடுத்துத் திரும்ப இடத்தில் வைத்தாள்.

எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே! பாய்லர் பொங்கினதற்கு நான் காரணமே இல்லை. அப்பாவும் அதே தொட்டியில் குளித்திருக்கிறார்! பெரிய ஆள், எவ்வளவு எண்ணெய் தேய்த்திருப்பாரோ. என்னுடைய ஒரு கிண்ணம் சீயக்காய் எம்மாத்திரம். கோடு போட்டு என்னை மட்டும் தடுத்துவிட்டு இவர் மட்டும் குளிக்கலாமா என்று அவர்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை. மத்தியானம் முழுக்க அப்பா அழுக்குத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டு, தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் ஏற்றினார். நாலு மணி வாக்கில் கண்ணாடிக்குழாய் பாதியில் அசையாமல் நின்றது. மாமியார் இருமுவதை நிறுத்தியது. மாஸ்டர் அந்த எட்டுச் சேலைகளையும் அரக்கு நிறத்தில் முக்கி எடுத்துக் காயப்போட்டார். அதுதான் மற்றதைவிட அழகாக இருந்தது.

சாயங்காலம் சாப்பாடு போடும்போது அம்மா கேட்டாள்.

"நீங்க எப்பம் குளிச்சிய?"

"காலையில."

"வெள்ளிக்கிழமையா?"

"பாய்லருக்கு வெள்ளி சனி தெரியுமா?"

ஆம்பிளைகள் எண்ணெய் தேய்ப்பது சனிக்கிழமை. அதை மீறினதற்காக அம்மா சண்டை பிடிக்கிறாள் என்று நான் நினைத்தேன். சண்டை பிடிக்கிறவள் எதற்கு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள் என்றுதான் தெரியவில்லை.

அன்றிலிருந்து பட்டறையில் அப்பாவுக்கு தேல்வாலா என்று பெயர் வந்துவிட்டது. எண்ணெய்க்காரன் என்று அர்த்தம். வேலையை விடுகிற வரைக்கும் அந்தப் பெயர் போகவில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள், அப்பாவும் கூடவே சிரிப்பார். நானும் ஒருநாள் வீட்டில் தேல்வாலா என்று கூப்பிட்டுவிட்டேன். அம்மா தலையில் குட்டின குட்டில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரே கூப்பிடுகிறது, நான் கூப்பிட்டால் மட்டும் என்ன என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அப்பா காலை ஆறு மணியிலிருந்து அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தவர். சேட் முன்னால் அவர் நின்றபோது அவர் தலையில் நிலக்கரித் தூள் படிந்து முடி காய்ந்த நாராக விறைத்து நின்றது. எண்ணெய் கண்டு ஒரு வாரம் ஆன தலை. நான் அதைக் கண்ணால் பார்த்தேன், பார்த்தும் எனக்குப் புரியவில்லை. எனக்குத்தான் எட்டு வயது. சேட் கையெட்டுகிற தூரத்தில் நின்றார். மாஸ்டர் பக்கத்தில் நின்றார். இருபது பேர் சுற்றி நின்றார்கள். அவர்களுக்கெல்லாம் என்ன வயது?

பாய்லர் வேலை தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு கிண்ணம் சீயக்காய்க்கும் ஒரு தலை எண்ணெய்க்கும் அது அப்படிப் பொங்குமா என்று சரிபார்த்துச் சொல்லுங்கள். அந்தப் பானைக்கு உள்ளே தகடு ஒன்றா இரண்டா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. தப்பு இருந்தால் திருத்திப் போடுங்கள். அப்பாவின் தலையைப் பற்றி எழுதினதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.