வாடி என்று எழுதினேன்

அப்பாவின் பிரஜாவுரிமை விண்ணப்பத்தை நிரப்பியது நான்தான். வீட்டில் என் கையெழுத்துத்தான் அழகு என்று பேர். சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்பா பிறந்தது கொட்டாஞ்சேனையில்; அதற்குப் பத்திரம் இருந்தது. அவருடைய தகப்பனும் இலங்கையில் பிறந்தவர் என்று காட்டவேண்டும். காட்டாவிட்டால் துறைமுகத்துக் கிளார்க் வேலை போய்விடும், நாங்கள் கண்ணாலும் கண்டிராத இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று தெருவெல்லாம் பேச்சு.

அப்பப்பா பிறந்த இடம் கேட்ட கட்டத்தில் 'வாடி' என்று எழுதினேன். கற்பிட்டிப் பக்கத்துக் கடற்கரை ஊர் அது. வீட்டில் யாரும் அதை வேறு பெயரால் சொல்லி நான் கேட்டதில்லை.

பிரஜாவுரிமைக் கந்தோரில் அதிகாரி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைப்பார்.

"வாடி எண்டா சீசனுக்கு வந்து மீன் பிடிச்சிட்டுப் போற ஆக்கள் போடுற கொட்டில். அது ஊரா? வந்து போனவர் எண்டு நீங்களே எழுதித் தந்திருக்கிறீங்க."

வேறு அத்தாட்சி கொண்டுவரச் சொன்னார். வாடிக் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தைக் கறையான் தின்று பல காலம். கடைசியில் யாரோ சொல்லி, வெள்ளைக்காரன் காலத்து நில அளவைப் படமொன்றின் பிரதியை அப்பா வாங்கிவந்தார். வீட்டு மேசையில் விரித்து, கரைக்கோட்டின்மேல் விரலை ஓட்டினேன். மணல்மேடு, களப்பு, அதையடுத்து ஒரு சிலுவைக் குறி, கிணறு, இருபது முப்பது சின்னக் கட்டங்கள். "இதுதான் அப்பா, இதுதான்!" என்று கத்திவிட்டேன். அம்மா முழந்தாளில் நின்று அழுதாள்.

படத்தோடு மறுபடி கந்தோருக்குப் போனோம். அதிகாரி அதன் ஓரத்தில் இருந்த குறிவிளக்கத்தைப் பார்த்தார். கறுப்பு நிரப்பிய கட்டம் நிரந்தர வீடு, வெறுங்கட்டம் தற்காலிகக் குடில். எங்களுடையவை அத்தனையும் வெறுங்கட்டங்கள். தென்னங்கிடுகு வேய்ந்த வீட்டை அளக்க வந்த துரை வேறெப்படிக் கீறுவான்? அந்த மனிதன்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. அதைவிட என்மேல்.

அப்பா விடவில்லை. சிலுவைக்குப் பின்னால் இருந்த இன்னொரு குறியைத் தொட்டுக் காட்டினார்.

"இது சவக்காலை, ஐயா. என்ர அப்பாவும் அவற்ர அப்பாவும் இங்கதான் புதைஞ்சு கிடக்கினம். சீசனுக்கு வந்தவன் சவக்காலை வைப்பானா?"

அப்பா கெஞ்சி நான் அதற்குமுன் கேட்டதில்லை. எங்கேயாவது ஓடி ஒளியலாம் போலிருந்தது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன்.

"அவங்க அங்க செத்தாங்க எண்டதுக்கு இது சாட்சி. பிறந்தாங்க எண்டதுக்கு இல்லை."

துறைமுகத்தில் இருபது வருடம் துரைமாருக்குச் சொல்லிப் பழகிய வாய். "ஓம் ஐயா" என்றார் அப்பா.