எட்டுப் பை மண்ணும் பிலோமினா அம்மையாரும்

வெட்கக்கேடான ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை விழுப்புரம் ஆபீசில் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் திண்டிவனத்திலிருந்து போன் வந்தது. பிலோமினா அம்மையார் காலையில் மாரடைப்பால் காலமாகிவிட்டார் என்றார்கள். "ஐயோ" என்று சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர்கள் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்கள். ஆனால் முதல் அரை நிமிஷம் என் மனசுக்குள் இருந்தது துக்கம் அல்ல, நிம்மதி. என் உத்தியோக வாழ்க்கையின் பெரிய திருட்டுத்தனத்துக்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அவர்தான்.

அதற்குப் பிறகு வந்த அழுகை இன்னும் நிற்கவில்லை என்று எழுதினால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். நின்றுவிட்டது. ஆனால் டப்பாவை அப்படியே மூடிவைத்தேன். நான் சோற்றை மூடிவைத்தால் அது எவ்வளவு பெரிய துக்கம் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அம்மையாரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டிவனத்தில் மண்ணைச் சோதித்துச் சீட்டு எழுதித் தரும் ஒரு சின்ன ஆபீஸ். எந்த இலாகா என்று கேட்காதீர்கள், எனக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. அங்கே மண்ணைச் சோதிப்பவர் அவர். ஊர் ஊராகப் போய் மண்ணை அள்ளி வருபவன் நான். அதிகாரி என்று ஒருவர் உண்டு. பெரும்பாலும் லீவில் இருப்பார். ஆகவே ஆபீஸ் என்றால் அம்மையார்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் இருவருக்கும் இருபத்துச் சொச்சம் வயது. அவர் மாதா கோயில் தெருவில் தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விழுப்புரத்து ஹெட்மாஸ்டர் ஒருவர் பெண் பார்க்க வந்தாராம், வாசலில் கால் கழுவாமல் உள்ளே வந்ததால், "இது கரிசல், எந்த ஊர்ல மிதிச்சீங்க?" என்று விசாரித்து, மாப்பிள்ளை சொன்ன ஊரும் காலில் இருந்த மண்ணும் ஒத்துவராததால் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அந்தக் காலத்தில் ஆபீசில் உலவிய கதை இது. கிளப்பிவிட்டவன் யார் என்று இப்போது ஆராய்ச்சி வேண்டாம். அம்மையார் காதுக்கும் அது போனது. என்னைக் கூப்பிட்டு, "கதை நல்லா இருக்குது சார். ஆனா ஹெட்மாஸ்டர் வேணாம், தாசில்தாரா மாத்திடுங்க" என்றார். மாற்றிவிட்டேன்.

திருவெண்ணெய்நல்லூரிலிருந்து ஒரு விவசாயி, மிக்சர் வந்த காகிதத்தில் வயல் மண்ணை மடித்து எடுத்துவந்தார். இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு அவர் முகத்தில் இருந்தது. அம்மையார் காகிதத்தைப் பிரித்து மோந்து பார்த்தார்.

"இத டெஸ்ட் பண்ணா உப்பு ஜாஸ்தின்னு வருங்க."

"அப்ப எம் பூமி கெட்டுப்போச்சாம்மா?"

"பூமி நல்லாத்தான் இருக்குது. மிக்சர்லதான் உப்பு ஜாஸ்தி. ஒக்காருங்க, டீ குடிங்க. அடுத்த வாட்டி துணிப் பையில கொண்டாங்க."

இன்னொருவர், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடி மஞ்சளாகிப் போகிறது, இரும்புச் சத்து இல்லை என்று கடைக்காரன் சொல்கிறான் என்று வந்தார். அம்மையார் அவர் மண்ணில் நாலு சொட்டு ஆசிட் விட்டுக் காட்டினார். சோடாவைத் திறந்த மாதிரி பொங்கியது. சுண்ணாம்பு உள்ள மண் அப்படித்தான் பொங்கும். "இரும்பு இருக்குதுங்க. வூட்டுக்குள்ள சோறு இருக்குது, இந்தச் சுண்ணாம்பு வாசப்படியில நின்னுக்கினு புள்ளைய உள்ள விட மாட்டேங்குது" என்றார். அந்த மனிதர் தன் மாமியாரை நினைத்தாரோ என்னவோ, உடனே புரிந்துகொண்டார்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். எண்பதுகளின் தொடக்கம். மேல்மலையனூர்ப் பக்கம் அறுபது ஏக்கர் மேய்ச்சல் தரிசு ஒன்று இருந்தது. மழையை நம்ப முடியாத இடம். அதில் தைலமரம் நட ஒரு யோசனை வந்தது. மண் ஏற்றதா என்று எங்கள் ஆபீஸ் எழுதித் தர வேண்டும். நான் போய் எட்டு இடங்களில் குழி தோண்டி, எட்டுப் பையில் மண் கொண்டுவர வேண்டும்.

போனேன். சித்திரை வெயில். அன்று மதியம் விழுப்புரத்தில் மைத்துனர் வீட்டில் வஞ்சிர மீன் குழம்பு. ஏரிக்கரையில் ஒரு புளியமரம் இருந்தது, அதன் அடியில் நிழல் இருந்தது, மண்ணும் இளகலாக இருந்தது. அதற்கு மேல் விவரிக்க வேண்டியதில்லை. ஒரே குழியிலிருந்து எட்டுப் பையையும் நிரப்பி, எட்டுச் சீட்டு எழுதிக் கட்டிவிட்டு, குழம்பு ஆறுவதற்குள் விழுப்புரம் போய்ச் சேர்ந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை அம்மையார் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் எட்டுத் தட்டில் மண் காய்ந்துகொண்டிருந்தது.

"எட்டுலயும் ஆசிட் விட்டேன் சார். ஒண்ணு கூடப் பொங்கல. நல்ல மண்ணு. மரம் நடலாம்னு எழுதிடலாமா?"

"தாராளமா எழுதலாம்மா."

"எட்டுத் தட்டுலயும் புளிய இலை கெடக்குது. அந்தத் தரிசுல புளியமரம் எத்தினி சார்?"

நான் விட்டத்தைப் பார்த்தேன். "ஒண்ணு."

"எங்க இருக்குது?"

"ஏரிக்கரையில."

அம்மையார் எட்டுத் தட்டையும் என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "ஒரே புள்ளைய எட்டு போட்டோ எடுத்துக்கினு வந்து, எட்டுப் புள்ளைன்னு சொல்றீங்க" என்றார். குரல் உயரவில்லை. "அங்க ஆடு மேய்க்கிறவங்க பத்துக் குடும்பம் இருக்குது. இந்தச் சீட்டு போச்சுன்னா நெலம் போச்சு. அப்புறம் அந்த மண்ணுல மரமும் வராது. ஆடும் இல்ல, மரமும் இல்ல. சனிக்கிழம ஆபீஸ் லீவு. நீங்களும் நானும் போறோம்."

அந்தச் சனிக்கிழமை அமாவாசை. எனக்குத் தெரியும். அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் மேல்மலையனூர் பஸ் அன்றைக்கு எந்த லட்சணத்தில் இருக்கும் என்பதும் தெரியும். சொல்லவில்லை, கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார் என்று நம்பினேன். அவர் என்னை முதலில் உள்ளே தள்ளிவிட்டுப் பின்னால் ஏறினார்.

ஆசிட் சீசா என் பொறுப்பு. பத்திரமாக இருக்கட்டும் என்று பேண்ட் பையில் வைத்திருந்தேன். செஞ்சி தாண்டியதும் தொடையில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. அமாவாசைக் கூட்டத்தில் எறும்பு எப்படி ஏறியது என்று யோசித்து முடிப்பதற்குள் எரிய ஆரம்பித்தது. தக்கை கழன்றுவிட்டது. இறங்கியவுடன் அம்மையார் என்னை அடிபம்பில் நிறுத்தி, "ஊத்துங்க சார், ஜல்தி" என்று தானே தண்ணீர் அடித்தார். நீர்த்த ஆசிட்தான், தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேண்ட் காயக் காயப் பொடிந்து, மதியத்துக்குள் பை இருந்த இடத்தில் ஒரு ஜன்னல் திறந்துகொண்டது. அன்று முழுக்க ஒரு கையால் ஆபீஸ் ஃபைலைத் தொடையில் அழுத்திப் பிடித்தபடி நடந்தேன்.

"ஆசிட் போச்சே, திரும்பிடலாமாம்மா" என்றேன், கொஞ்சம் ஆசையோடு.

அம்மையார் சுற்றிலும் பார்த்தார். கோயில் வழி நெடுகக் கூடை கூடையாக எலுமிச்சம்பழம். "புளிப்பு எதுவா இருந்தா இன்னா" என்று சொல்லி ஒரு டஜன் வாங்கினார்.

தரிசில் கோவிந்தன் என்ற ஆட்டுக்காரர் இருந்தார். அறுபது ஆடு அவருக்கு. கடப்பாரையை அவர்தான் கொடுத்தார். முதல் குழியை நான் தோண்டினேன். மேலே ஒரு சாண், மணல் கலந்த இளகிய மண். கையில் பிடித்தால் உருண்டையாக நின்றது, விரலால் தட்டினால் உதிர்ந்தது. அதற்குக் கீழே கடப்பாரை 'ணங்' என்றது. வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல், அதாவது சுண்ணாம்புக் கல்.

"இதுல மர வேரு எறங்காதுங்க. புல்லு வேரு மேலயே நின்னுக்கும். இந்தப் புல்லு தின்ற ஆட்டுக்குக் காலு கெட்டி" என்றார் கோவிந்தன். பிறகு தயங்கி, "நெலம் போயிடுமாம்மா?" என்றார்.

"போவாதுங்க. ஆனா சாரு எட்டுக் குழியும் தோண்டியே ஆவணும்."

ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் தோண்டினேன்.

நாலாவது குழியில் சங்கடம் வந்தது. அமாவாசையன்று, அங்காளம்மன் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில், முன்பின் தெரியாத ஒரு பெண்மணி குழிக்குக் குழி எலுமிச்சம்பழம் பிழிகிறார். கூடவே ஒருவன் பேண்டை மூடிக்கொண்டு நிற்கிறான். ஊர் சும்மா இருக்குமா? முப்பது நாற்பது பேர் வந்துவிட்டார்கள். முன்னால் வந்த பெரியவர் கையில் தடி.

"ஏம்மா, யாரு குடும்பத்துக்குச் சூனியம் வெக்கிற?"

"யாருக்கும் வெக்கலீங்க. மண்ணு டெஸ்ட்டு."

"கழுத்துல சிலுவ தொங்குது. எங்க ஊருக்கு வந்து எலுமிச்சம்பழம் அறுக்கிற. கூட ஒருத்தன் பேஜாரா நிக்கிறான்."

"அவரு பேஜாரா நிக்கிறது வேற கதைங்க" என்றார் அம்மையார். "கொஞ்சம் கிட்ட வாங்க. கண்ணால பாக்கிறதுக்கு முன்னாடி காதால கேக்கணும்."

குழிக்கு அருகில் மண்டியிட்டார். கல்லைக் கடப்பாரை முனையால் பொடியாக்கி, அரை மூடி எலுமிச்சை பிழிந்து, சேலைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு காதைத் தரையோடு வைத்தார். பெரியவர் தடியைக் கோவிந்தனிடம் கொடுத்துவிட்டுத் தானும் குனிந்தார். மெல்லிய சத்தம், தாளிதம் அடங்கும் நேரத்துச் சத்தம் மாதிரி.

"ஆமா. பேசுது" என்றார் பெரியவர்.

"அது வேற ஒண்ணும் இல்லீங்க, சுண்ணாம்பு. இந்த மண்ணுல மரத்த வெச்சா மஞ்சக்காமாலை வந்த மாதிரி ஆயிடும். புல்லுதான் சரி."

பிறகு ஒவ்வொருவராகக் காது வைத்துப் பார்த்தார்கள். மிச்சக் குழிகளை அந்த ஊர்க்காரர்களே தோண்டித் தருவதாகச் சொன்னார்கள். அம்மையார் விடவில்லை. "சாரு தோண்டுவாரு" என்றார். தோண்டினேன். ஒரு கையால்.

அறிக்கை எட்டு வரிசையில் போனது: மேல்மண் ஆழம் குறைவு, அடியில் சுண்ணாம்பு மிகுதி, மேய்ச்சலுக்கு மட்டுமே ஏற்றது. நான் முதலில் கொண்டுவந்த எட்டுப் பை ஏரிக்கரை மண்ணும் ஆபீஸ் வாசல் செம்பருத்திக்குப் போனது. அது நன்றாகவே பூத்தது. தைலமரம் வரவில்லை, ஆடுகள் இன்றும் அங்கே மேய்கின்றன. அம்மையார் இந்த விஷயத்தை யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஆனால் நான் விழுப்புரத்துக்கு மாற்றலாகும்வரை, ஒவ்வொரு முறை மண் எடுக்கக் கிளம்பும்போதும் தலையை நிமிர்த்தாமல், "நெழல் பாத்துக் குந்துங்க சார்" என்பார். அதற்குப் பிறகு நான் ஒரு பை கூடப் பொய்யாக நிரப்பவில்லை. திருந்திவிட்டேன் என்பதல்ல, அந்தக் குரல் காதில் கேட்கும்.

புதன்கிழமை அடக்கம். திண்டிவனம் மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். கோவிந்தனும் மேல்மலையனூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேரும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தார்கள். சாமியார் ஜெபம் முடித்ததும் ஆளுக்கு ஒரு பிடி மண் போடச் சொன்னார். கோவிந்தன் தலைப்பாகையை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு பிடி அள்ளி, விரலால் நெருடிப் பார்த்து, அதில் இருந்த சின்னக் கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மண்ணை மட்டும் போட்டார். "எங்க நெலத்தக் காப்பாத்துன அம்மாங்க" என்று என்னிடம் சொன்னார். நானும் ஆமாம் என்றேன். போய் வாருங்கள் அம்மா. உங்களைப் பற்றி இனிமேல் புதுக் கதை எதுவும் கிளப்ப மாட்டேன், இருப்பதே போதும்.

இதை எழுதுவதற்காக, அந்த அறிக்கையின் வாசகம் சரியாக இருக்க வேண்டுமே என்று நேற்று பழைய ஆபீசுக்குப் போய்க் கோப்பைப் பிரித்தேன். அறிக்கைக்கு அடியில் மேலிடத்திலிருந்து வந்த ஒரு கடிதம் இருந்தது. அந்தத் தரிசில் மரம் நடும் யோசனை கைவிடப்பட்டது, மண் அறிக்கை தேவையில்லை என்று இரண்டே வரி. பெற்றுக்கொண்டதற்கு அம்மையார் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதி, நாங்கள் பஸ் ஏறிய சனிக்கிழமைக்கு நாலு நாள் முந்தியது.