எங்கட ரெண்டு டொக்டர்மார்

அப்பா அந்தப் பொய்யைச் சொன்னபோது நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன், கையில் கேக் வைத்த கடதாசித் தட்டோடு. எண்பதுகளின் கடைசி. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த கிங்ஸ்பரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் யாரோ ஒருவரின் பிள்ளையின் பிறந்தநாள். பல்கலைக்கழகம் போவதற்கான ஏ லெவல் பரீட்சைப் பெறுபேறுகள் வந்த வாரம். அப்பாவின் ஊர்க்காரர் ஒருவர், தொழிலில் கணக்காளர், நாங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர், தன் மகனுக்கு மருத்துவம் கிடைத்ததை மேசை மேசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் மேசையில் நின்றார்.

“உங்கட மகளுக்கு என்ன கிடைச்சது, அண்ணை?”

“மெடிசின்தான்,” என்றார் அப்பா.

எனக்குக் கிடைத்திருந்தது உயிர் இரசாயனவியல். இரசாயனப் பாடத்தில் தேவையான தரம் வராததால் மருத்துவம் தவறியிருந்தது. காரில் அப்பா விளக்கம் சொன்னார்: “முதல் வருசம் ரெண்டும் ஒண்டுதானே. ஒரே கட்டடம். பிறகு மாறலாம்.” மாற முடியாது என்று நான் ஏற்கனவே விசாரித்துச் சொல்லியிருந்தேன். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரசாயனத்தை மறுபடி எழுதிவிட்டு அடுத்த வருடம் விண்ணப்பிக்கிறேன் என்று கேட்டேன். அதற்கும் வழியில்லை. மருத்துவம் படிக்கிற பிள்ளை ஏ லெவல் வகுப்புக்குப் போவதை யாராவது கண்டால்? ஆகவே உயிர் இரசாயனவியலுக்குப் போனேன். நான் சத்தம் போடாத பிள்ளை. அது என் நல்ல குணம் என்று வீட்டில் சொல்வார்கள். தங்களுக்கு வசதி என்று சொன்னதில்லை.

அந்த ஒரு சொல்லின் பின்விளைவுகள் ஒழுங்கு வரிசையில் வந்தன. முதலில் குளிசைகள், மருந்து மாத்திரைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் பொலித்தீன் பைகளில் கொண்டுவந்து செற்றி இருக்கையில் கொட்டுவார்கள். எதை எப்போது போடுவது என்று நான் வாசித்துச் சொல்லவேண்டும். பிறகு எக்ஸ்ரே படங்கள். பிறகு ஆட்கள். புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் வராது. டொக்டரிடம் கூட்டிப்போய் மொழிபெயர்க்க அப்பா என்னைத் தாராளமாக நேர்ந்துவிட்டிருந்தார். “இவ போறா, யோசிக்காதேங்கோ” என்று தொலைபேசியை வைத்த பிறகுதான் எனக்குச் செய்தி வரும். சமையலறையில் புத்தகத்தோடு இருந்தால், “அதுதான் மூளையிலை இருக்கே, திரும்பத் திரும்ப ஏன் பாக்கிறாய்?” என்பார்.

கடைசி வருடச் செய்முறைப் பரீட்சைக்கு முதல் நாள் பின்னேரம் கணக்காளர் மாமா அழைத்தார். மாமிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டரைப் பார்க்கவேண்டும். அப்பா தொலைபேசியின் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நாளைக்கு எனக்குச் சோதினை. அவையின்ர வீட்டிலேயே மெடிசின் படிக்கிற ஆள் இருக்குதானே,” என்றேன்.

“அவனுக்குத் தமிழ் வராது. கர்ப்பப்பையை என்னெண்டு சொல்லுவான்?”

“மாமாவுக்கு ரெண்டும் வரும்.”

“பொம்பிளையளின்ர விசயத்துக்கை அந்தாள் நிண்டு என்ன செய்யிறது? டொக்டருக்குப் படிக்கிற பிள்ளை ஏலாது எண்டால் என்ன நினைப்பினம்?” கையை எடுத்தார். “ஓம் ஓம், இவ வருவா.”

நான் போனேன். மாமியின் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை நாளைக்கு ஒருமுறை, எவ்வளவு, வலி எங்கே என்று எல்லாவற்றையும் ஒழுங்காக மொழிபெயர்த்தேன். அதே நேரத்தில் என் ஆய்வுகூட மேசையில் என் பரீட்சை இலக்கம் மட்டும் இருந்தது. எனக்குச் சுகமில்லை என்று காட்ட டொக்டரின் கடிதம் இல்லை; அந்தப் பகுதிக்குப் பூச்சியம் போட்டார்கள். ஏற்கனவே மெலிந்திருந்த புள்ளிகள் இன்னும் இறங்கின. இரண்டாம் வகுப்பு, கீழ்ப்பிரிவு என்று பட்டம் வந்தது. மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னபோது என் விரிவுரையாளர், “இந்தப் பெறுபேற்றோடா?” என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து மரியாதைக்கு ஒரு புன்னகையும் செய்தார்.

ஒரு ஆஸ்பத்திரியின் இரத்த ஆய்வுகூடத்தில் வேலை எடுத்தேன். இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படையாக இழுத்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வெள்ளை அணுக்களை இனம் பிரித்து எண்ணும் வேலை. எனக்குப் பிடித்திருந்தது. அணுக்கள் தாம் இல்லாத ஒன்றாகத் தம்மைச் சொல்லிக்கொள்வதில்லை. அப்பா வெளியில், “ஆஸ்பத்திரியிலதான் இப்ப வேலை பழகிறா” என்று சொன்னார். அது பொய்கூட இல்லை.

மாலைகளில் இரசாயனம் மறுபடி படித்தேன். வெம்பிளிப் பக்கம் எல்லாரும் தெரிந்தவர்கள். சவுத்தாலில் அம்மாவோடு வேலை செய்கிறவர்கள் இருந்தார்கள். ஹவுன்ஸ்லோவில் ஒரு கல்லூரியைத் தேடிப்பிடித்தேன். பஸ் மாறிப் போகவேண்டும். களவாகக் காதலனைப் பார்க்கப் போகிறேன் என்று அம்மா சிறிது காலம் நம்பினார். இரசாயனம் என்றதும் ஆறுதல் அடையவில்லை. “ஆரும் கண்டவையோ?” என்று மட்டும் கேட்டார்.

இந்த முறை இரசாயனத்தில் அதியுயர் தரம் வந்தது. ஆனாலும் விண்ணப்பித்த முதல் வருடம் எல்லா இடமும் மறுத்தது. ஒன்று பட்டத்தின் தரம் போதாது என்றது, இன்னொன்று போட்டி அதிகம் என்றது, மற்றவை காரணம் சொல்லவில்லை. இரண்டாம் வருடம் ஒரேயொரு கல்லூரி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த பெண் டொக்டர் என் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“இந்தச் செய்முறைப் பரீட்சைக்கு என்ன நடந்தது?”

மூன்று காரணங்களை அடுக்கித் தயார்செய்து வைத்திருந்தேன். ஒன்றையும் சொல்லவில்லை. “தெரிந்த ஒரு பெண்ணுக்கு மொழிபெயர்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன்.”

“திரும்பவும் அப்படி ஒரு நிலை வந்தால் போவீர்களா?”

எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. “இல்லை,” என்றேன். “ஆஸ்பத்திரி ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்திருக்கவேண்டும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பதில்தான் எனக்கு இடம் தந்ததா, அதையும் மீறித் தந்தார்களா என்று இன்றுவரை தெரியாது. இடம் கிடைத்தது.

வீட்டில் சொன்னபோது அம்மா கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது. அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

“ஒருத்தருக்கும் சொல்லாதை.”

“ஏன்?”

“நீ இந்த வருசம் முடிக்கவேணும் எல்லோ? இப்ப தொடங்கிறாய் எண்டால், பெயில் விட்டிட்டுத் திரும்பப் படிக்கிறாள் எண்டு சனம் கதைக்கும்.”

எங்கள் சனத்தில் மருத்துவம் கிடைத்த வீட்டுக்கு ஆட்கள் பழத்தட்டோடு வருவார்கள், தொலைபேசி ஓயாது. எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. அம்மா அன்று இரவு பாயாசம் வைத்தார், யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு.

அந்தக் கோடையில் கணக்காளர் மாமாவின் மகன் டொக்டராக வெளியே வந்தான். அதே மண்டபத்தில் விருந்து. மகன் மேடையில் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக ஆங்கிலத்தில் நன்றி சொல்லி முடித்ததும், மாமா ஒலிவாங்கியை எடுத்தார்.

“இண்டைக்கு ஒரு ஆளைக் கூப்பிடாட்டில் சரியில்லை. எங்கட ரெண்டு டொக்டர்மாரும் ஒண்டா நிக்கவேணும்!”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்பா தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போனேன். மாமா ஒலிவாங்கியை நீட்டினார்.

“நான் டொக்டர் இல்லை,” என்றேன். “மெடிசின் படிக்கவும் இல்லை. வாற செப்டெம்பரிலதான் முதலாம் வருசம் தொடங்கிறன்.”

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதைத் தொடர்ந்து எல்லாரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள்.

“பாத்தீங்களோ, என்ன அடக்கம்!” மாமா ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். மகனிடம் திரும்பி, “நீயும் நிக்கிறாய் மரம் மாதிரி. அவவைப் பார், என்ன பகிடி விடுறா!” என்றார்.

மகன் என் பக்கம் குனிந்து ஆங்கிலத்தில் கேட்டான். “நீ என்ன சொன்னாய்? ஏன் சிரிக்கிறார்கள்?”

“ஒன்றுமில்லை,” என்றேன்.

சாப்பாட்டு வரிசையில் மாமி என் கையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்துப் போனார். கட்டியை எடுத்த சத்திரசிகிச்சைக்குப் பிறகு நல்ல சுகமாக இருந்தார். “பிள்ளை, இந்த முழங்காலை ஒருக்காப் பார். படி ஏற ஏலாமல் கிடக்கு.” சேலையைக் கொஞ்சம் தூக்கினார். பார்த்தேன். உங்கள் டொக்டரிடம் காட்டுங்கள் என்றேன். “நீதானே எங்கட டொக்டர்,” என்றார் மாமி.

திரும்பி வரும்போது அப்பாதான் கார் ஓட்டினார். எங்கள் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் சிவப்பு விளக்கு. அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“நல்லாச் சமாளிச்சாய், பிள்ளை.”

அந்த வருடம் அவர் என்னைப் பாராட்டியது அதற்கு மட்டும்தான்.